சூதில் நிலையான ஊதியம் உண்டா?

(திருக்குறள் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



சூது தீது என்பதைத் தமிழர்க்குப் புதிதாய் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. திருவள்ளுவப் பேராசான் பொருட்பாலில் அதற்கெனவே ஓர் அதிகாரம், 94-ஆம் அதிகாரம், வகுத்துச் சென்றுள்ளார். ஆயினும், கைப்பேசியும் கையுமாய் இருக்கும் இளைஞர் பலர் இன்று வேறொரு வழக்கை எழுப்புகின்றனர். “அறம் ஒருபுறம் கிடக்கட்டும், அந்நாள் சூது கவற்றை உருட்டிய குருட்டாட்டம், இந்நாள் இணையவழிப் பந்தயமோ அறிவாட்டம், மட்டைப்பந்து அணிகளின் வலிமையையும் ஆடுகளத்தின் இயல்பையும் ஆய்ந்து பணம் வைப்பவன் நெடுங்காலத்திற்கு ஊதியம் பெறலாம்” என்பது அவர்தம் கூற்று. அறத்தைக் கேளாத செவிக்குக் கணக்கையே சான்றாக நிறுத்துதல் வேண்டும். அக்கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு காசைச் சுண்டினால் பூவும் தலையும் விழும் வாய்ப்பு ஒத்தது. நூறு உருபா வைத்து வென்றவனுக்கு, வைத்த நூற்றோடு சேர்த்து இருநூறு தருவதே நேர்மை. ஆனால், பந்தய நிறுவனம் தருவது எவ்வளவு? இணையான இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்தில், நூற்றுக்கு 190 என்பது போன்ற தொகையையே அது தரும். ஒருவர் ஓர் அணியின்மீது நூறும், இன்னொருவர் மற்ற அணியின்மீது நூறும் வைத்தால் நிறுவனத்தின் கைக்கு வந்தது இருநூறு. வென்றவர்க்குக் கொடுத்தது 190. எவ்வணி வென்றாலும் அதற்கு மிச்சம் பத்து. ஆடுவோர் இருவரும் தம்முள் போட்டியிடுவதாக எண்ணிக்கொண்டிருக்க, நிறுவனமோ போட்டியிடாமலே ஊதியம் பெறுகின்றது!

இவ்விலையில் முதல் கரையாமல் காக்கவே ஒருவன் நூற்றுக்கு 52.63 முறை சரியாகக் கணித்தல் வேண்டும். வலிய அணியின்மீதே வைப்பேன் என்பானுக்கும் தப்பில்லை. அவ்வணி வலியது என்பது நிறுவனத்திற்கும் தெரியும். ஆகலின் அதற்கு நூற்றுக்கு 130 என்று விலையைக் குறைத்தே வைத்திருக்கும். அங்கே முதலைக் காக்க நூற்றுக்கு 77 முறை வெல்லுதல் வேண்டும். இளைஞன் செய்தித்தாளிற் படித்தறிந்த அத்தனையும் அவ்விலைக்குள் முன்னரே அடங்கிக் கிடக்கின்றன. அறிவு என்று அவன் கருதுவது பிறர்க்கும் தெரிந்த செய்தியே; பிறர்க்குத் தெரிந்த செய்திக்குச் சந்தையில் விலையில்லை.

ஐந்து விழுக்காடுதானே, அது சிறிதன்றோ என்று சிலர் வினவலாம். ஒருமுறை ஆடினால் சிறிதே. ஆனால், ஒருவன் பத்தாயிரம் உருபாவைக் கணக்கிற் செலுத்தி, நாள்தோறும் ஐந்நூறு உருபா வைத்து ஆடுகின்றான் என்க. நானூறு நாளில் அவன் வைத்த மொத்தத் தொகை இரண்டு இலக்கம். அதில் ஐந்து விழுக்காடு பத்தாயிரம். அஃதாவது, சராசரிக் கணக்கில் அவன் செலுத்திய முதல் முழுவதும் கரைந்து போகும். சுழல்வட்டுச் சூதிலும் இதே நிலைதான். ஐரோப்பிய வட்டில் 37 அறைகள். ஓர் எண்ணின்மீது வைத்து வென்றாலோ 36 மடங்கே திரும்பும். அமெரிக்க வட்டில் அறைகள் 38. திரும்புவது அதே 36 மடங்கு. முன்னதில் நூற்றுக்கு 2.70-உம் பின்னதில் 5.26-உம் சூதகத்தின் பங்கு.

அப்படியாயின், வென்றவர்களைக் கண்ணாரக் காண்கின்றோமே, அஃது எவ்வாறு? இவ்வினாவிற்கான விடையிலேதான் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. நூறு பேர் மேற்சொன்ன 190 விலையில், காசு சுண்டுவது போன்ற கணிப்போடு ஆளுக்கு நூறு ஆட்டம் ஆடினால், ஏறத்தாழ 31 பேர் ஊதியத்தோடு நிற்பர். ஆயிரம் ஆட்டம் ஆடினால் அவர்களுள் ஏறத்தாழ ஐவரே எஞ்சுவர். பத்தாயிரம் ஆட்டம் ஆடினாலோ, பத்து இலக்கம் பேருள் ஒருவர் எஞ்சுவதும் அரிது. முயற்சிகள் பெருகப் பெருக விளைவு உண்மையான வாய்ப்பையே நெருங்கும் என்னும் இந்நெறியைச் சுவிட்சர்லாந்து அறிஞர் யாக்கோபு பெர்னூலி மெய்ப்பித்தார். அவர் மறைந்தபின் 1713-இல் வெளிவந்த நூலில் அது இடம்பெற்றது. எனவே, ‘நெடுங்காலம்’ என்பது ஆடுபவனுக்குத் துணையன்று, பகை. முதல் நூறு ஆட்டத்தில் வென்ற 31 பேரும் தேநீர்க் கடையில் உரக்கப் பேசுவர். தோற்ற 69 பேரும் வீட்டிலும் வாய் திறவார். ஊரின் செவியில் விழுவது 31 பேரின் குரல் மட்டுமே.

தோற்றால் இருமடங்கு வைத்து மீட்கலாம் என்பது இன்னொரு மயக்கம். நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு, ஆயிரத்து அறுநூறு என்று இரட்டித்துச் செல்பவன் நூற்றுக்கு 190 என்னும் விலையில் நான்கு முறை தோற்று ஐந்தாம் முறை வென்றான் என்க. அவன் முன்னர் இழந்தது 1,500; ஐந்தாம் முறை ஈட்டியது 1,440. வென்ற பின்னும் அறுபது உருபா இழப்பு! பத்துமுறை தொடர்ந்து தோற்றாலோ 1,02,300 உருபா போயிருக்கும். அவ்வாறு தொடர்ந்து நேருமா எனின், 1913-இல் மாண்ட்டி கார்லோச் சூதகத்தில் சுழல்வட்டு 26 முறை தொடர்ந்து கருப்பிலேயே நின்றது. இனிச் சிவப்புத்தான் வரவேண்டும் என்று வைத்து வைத்துப் பலர் பெரும்பணம் இழந்தனர். வட்டுக்கு நினைவில்லை, சென்ற சுற்றில் எது வந்தது என்பதை அஃது அறியாது.

உண்மையை மறைத்தல் ஆகாது. நெடுங்காலம் வென்றோர் உலகில் ஒருவரும் இலர் என்று சொல்லுதல் பொய்யாகும். அமெரிக்கக் கணக்கறிஞர் எட்வர்டு தார்ப்பு, ‘இருபத்தொன்று’ என்னும் சீட்டாட்டத்தில் வெளிவந்த சீட்டுகளை எண்ணிச் சூதகத்தை வெல்லும் வழியை 1962-இல் நூலாக வெளியிட்டார். வில்லியம் பெண்ட்டர் என்பார் ஆங்காங்கின் குதிரைப் பந்தயத்தைக் கணினிக் கணக்கால் ஆய்ந்து பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆனால், அவர்கள் பெற்றது பொழுதுபோக்கின் பரிசன்று. முழுநேர உழைப்பின் கூலி. ஆண்டுக்கணக்கில் திரட்டிய புள்ளிகள், உடன் உழைக்க ஆட்கள், இழப்பைத் தாங்கும் பெருமுதல் ஆகியவை பின்னின்றன. எவ்வளவு வைத்தல் தகும் என்பதற்கு அமெரிக்க அறிஞர் கெல்லி 1956-இல் ஒரு வாய்பாடு கண்டார். ஆடுபவன் பக்கம் உண்மையான மேம்பாடு இல்லையாயின், அவ்வாய்பாடு தரும் விடை என்ன? சுழி! ஒரு காசும் வையாதே என்பதே கணக்கு காட்டும் வழி.

அத்தகைய மேம்பாடு உடையாரையேனும் நிறுவனங்கள் வாழவிடுகின்றனவா? சீட்டெண்ணுவோரைச் சூதகங்கள் வெளியேற்றின. தொடர்ந்து வெல்பவர் வைக்கும் தொகைக்கு வரம்பு கட்டுவதும் அவர்தம் கணக்கை மூடுவதும் பந்தய நிறுவனங்களின் வழக்கம். ஆடுவோர் தமக்குள் பந்தயம் கட்டும் சந்தையை நடத்திய பெட்பேர் என்னும் பிரித்தானிய நிறுவனம், மிகுதியாய் வெல்வோர்மீது 2008-இல் தனிக் கட்டணமே விதித்தது. 2011-இல் அதனை அவர்தம் ஊதியத்தில் 60 விழுக்காடு வரை உயர்த்தியது. தோற்பவனுக்குத் திறந்திருக்கும் கதவு வெல்பவனுக்கு அடைபடுகின்றது. இவ்வணிகத்தின் இயல்பு இதுவே.

இரம்மி போன்ற சீட்டாட்டங்கள் திறமையாட்டங்கள் ஆயிற்றே எனலாம். திறமை உண்டு, ஆனால், ஆட்டம் நடத்துபவனின் பங்கும் உண்டு. அறுவர் நூறு நூறாய் வைத்த அறுநூற்றில் பத்து விழுக்காட்டை அவன் எடுப்பதாகக் கொண்டால், பத்தே சுற்றில் ஒருசுற்றுப் பணம் முழுவதும் மேசையைவிட்டு மறைந்துவிடும். எஞ்சியதைத்தான் ஆடுவோர் பங்கிட வேண்டும். அறுவரும் சேர்ந்து தோற்றே தீர்வர்.

இந்தியாவில் வரிச்சுமையும் சேர்ந்தது. 2023 ஏப்பிரல் முதல், இணையவழி ஆட்டத்தில் ஈட்டிய நிகரத் தொகைக்கு 30 விழுக்காடு வருமானவரி. அவ்வாண்டு அக்டோபர் முதல், செலுத்தும் முழுத்தொகையின் மீதும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பெற்றது. ஐந்து விழுக்காட்டுத் தடையையே தாண்ட இயலாதவன் இவற்றை எவ்வாறு தாண்டுவான்?

சூதினால் கடன்பட்டு உயிர்மாய்த்துக் கொண்டோரின் செய்திகள் தொடர்ந்தமையால், ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு தலைமையில் தமிழக அரசு 2022-இல் குழு அமைத்தது. அதன்பின் இயற்றப்பெற்ற தடைச்சட்டம் 2023 ஏப்பிரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்முறைமன்றம் அச்சட்டத்தை ஏற்று, இரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. பின்னர், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் இயற்ற, 2025 ஆகத்து 22-இல் குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். இனி, கரவாக அயல்நாட்டுத் தளங்களில் ஆடுபவன் வென்றாலும், அப்பணத்தைத் தாராது மறுப்பின் யாரிடம் சென்று முறையிடுவான்?

தாய்மார்களே! வீட்டில் ஒருவர் இவ்வாட்டத்தில் வீழ்ந்திருந்தால் ஏசுவதினும் கணக்கெழுதச் செய்வது நன்று. ஒரு தாளில் இருபுறம் வகுத்து, கணக்கிற் செலுத்திய தொகை அனைத்தையும் இடப்புறமும், கைக்குத் திரும்பிய தொகை அனைத்தையும் வலப்புறமும் எழுதச் சொல்லுங்கள். வெற்றிகள் மட்டும் நினைவில் நிற்கும். தாளிலோ தோல்விகளும் நிற்கும். கடனிருப்பின் மறையாமல் சொல்லும் துணிவை அவர்க்குக் கொடுங்கள். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம், உயிர் அவ்வாறன்று.

இளைஞர்களே! சூதில் நெடுங்காலம் நிலையான ஊதியம் பெறுபவர் உண்டு. அவர் ஆடுபவர் அல்லர், ஆட்டத்தை நடத்துபவர். கணக்கும் அறமும் இங்கு ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. உழைப்பின் ஊதியம் சிறிதாயினும் அதனைக் குறைக்கும் ஐந்து விழுக்காடு எந்த வாய்பாட்டிலும் இல்லை. அதனைத் தேர்க, சூதினைத் தவிர்க!