உழைப்பாளியின் ஹக்: வேலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும்?

(சிதம்பரத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்களின் குடும்பங்கள் உதவி கேட்டு நம்மிடம் வருகின்றன. மருந்துச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நம்மால் முடிந்ததைக் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். அவர்களிடம் நாம் முதலில் கேட்பது, "முதலாளியிடம் இழப்பீடு கேட்டீர்களா?" என்பதுதான். "அவர் நல்ல மனுஷர். ஆஸ்பத்திரிக்கு வந்து இருபதாயிரம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம்" என்று பதில் வருகிறது. அதனால்தான் இன்று இந்த விஷயத்தைப் பேசுகிறோம்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் காட்டுமன்னார்கோவில் பக்கம் குறுங்குடியில் பட்டாசு வெடித்துப் பெண்கள் இறந்தார்கள். 2021 மே மாதம் கடலூர் சிப்காட்டில் ஒரு இரசாயன ஆலையில் விபத்து நடந்தது. இப்படிப்பட்ட விபத்து என்றால் அமைச்சர் வருகிறார், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. சாரத்திலிருந்து ஒருவர் மட்டும் விழுந்தால் யாரும் வருவதில்லை. அந்தக் குடும்பத்துக்குத் துணை சட்டம்தான்.

அந்தச் சட்டம் 1923-லிருந்தே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. அடிப்படை மாறவில்லை: வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும். அவர் தவறு செய்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. "அவன்தான் கவனமில்லாமல் ஏறினான்" என்று சொல்லி அவர் தப்பிக்கவும் முடியாது. காண்ட்ராக்டர் வழியாக வேலைக்குப் போனவருக்கு, அந்த வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்ட நிறுவனமும் பொறுப்பு.

எவ்வளவு கிடைக்கும்? மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கேற்பச் சட்டம் தந்திருக்கும் எண்ணால் பெருக்கினால் வருவது மரணத்துக்கான இழப்பீடு. 2020-இல் வந்த அறிவிப்பின்படி, சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 40 வயதுக்காரருக்கு அந்த எண் 184.17. மாதம் 15,000 வாங்கியவர் இறந்தால் 13,81,275 ரூபாய் வரும். இனி எந்த வேலையும் செய்ய முடியாத அளவு ஊனமானால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். அது 16,57,530 ரூபாய். கட்டைவிரல் போனால் 30 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. அதே ஆளுக்கு அது 4,97,259 ரூபாய். இருபதாயிரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

அட்டவணையோடும் கணக்கு முடிவதில்லை. சினிமா கொட்டகையில் அலங்கார மரவேலை செய்த ஒரு தச்சர் விழுந்ததில் இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பிள்ளை என்ன வேலை செய்தான் என்பதை டாக்டரிடமும் அதிகாரியிடமும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் இ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டும். அவருக்கு முதலாளிக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. கொடுக்கும்: வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் வரை மாதத்தொகை, இறந்தால் குடும்பத்துக்கு மாதத்தொகை. இ.எஸ்.ஐ. எண் வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இப்போது நாம் செய்ய வேண்டியவை. அடிபட்டவரைக் கொண்டுபோகும்போது, "வீட்டு மாடியில் விழுந்தார்" என்று சொல்லச் சொல்வார்கள். சொல்லாதீர்கள். எந்த இடத்தில், யாருடைய வேலையில் என்பதை உள்ளபடி சொல்லி, ஏ.ஆர். காப்பியில் பதிவாகச் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், சம்பளம் வந்த ஜிபே பதிவு, மேஸ்திரியின் நோட்டு, உடன் வேலை செய்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைக்கும்படி அல்பகரா அத்தியாயம் 282-ஆவது வசனத்தில் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கூலி விஷயத்திலும் அந்தப் பழக்கம் வேண்டும்.

மரணம் என்றால் இன்னொரு சிக்கல். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்று போஸ்ட்மார்ட்டம் வேண்டாமென்கிறோம். சிலர் போலீஸுக்கே சொல்வதில்லை. நம் உணர்வு நியாயமானது. ஆனால் எஃப்.ஐ.ஆரும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் இல்லாமல், வேலையில்தான் இறந்தார் என்று பிறகு நிறுவுவது மிகவும் கடினம். யதீம்களின் ஹக் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகள் உடனிருந்து, வேலையைச் சீக்கிரம் முடித்து, மையித்தை வாங்கி வர உதவ வேண்டும்.

இத்தாவில் இருக்கும் சகோதரியிடம் யாராவது காகிதத்தை நீட்டினால் கையெழுத்து வேண்டாம். மனு கொடுக்க விபத்திலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நான்கு மாதம் பத்து நாள் முடித்தே போகலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. மரண இழப்பீட்டை முதலாளி தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் தரலாம், அதற்கு மேல் வீட்டில் கொடுப்பது கணக்கில் சேராது. இந்தத் தொகையை மனைவி, சிறு பிள்ளைகள், மணமாகாத மகள், விதவைத் தாய் என்று அவரை நம்பியிருந்தவர்களுக்கு அதிகாரியே பங்கிடுவார். சம்பாதிக்கும் அண்ணன் தம்பிகள் இதில் கை வைக்கக் கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், சிதம்பரத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

கடைசியாக ஒன்று. நாமும் வேலை கொடுப்பவர்கள்தான். கடை வைத்திருக்கிறோம், வீடு கட்டுகிறோம், பள்ளிவாசல் மினாராவுக்கு வெள்ளையடிக்க ஆளை ஏற்றுகிறோம். கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். நம்மிடம் வேலை செய்து கையை இழந்தவருக்குச் சேர வேண்டியதை ஸதகா போலக் கொஞ்சமாகக் கொடுத்து அனுப்பினால், மறுமையில் என்ன பதில் சொல்வோம்? ஆளை மேலே ஏற்றும் முன் கயிறும் பெல்ட்டும் கொடுப்போம். தொழிலாளர் இழப்பீட்டுக்கான காப்பீடு எடுத்து வைப்போம்.

மனு எழுதவும் அலுவலகத்துக்குக் கூட வரவும் நம் அறக்கட்டளை தயாராக இருக்கிறது. தயங்காமல் வாருங்கள். உழைத்து உண்ணும் நம் மக்களை அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.