பணத்தின் நிறம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அடியேன் புலவனல்லன், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா. நான் அறிந்தவை கணக்குப் புத்தகமும் மையுமே. ஆதலின் அவற்றைப் பற்றியே பேசத் துணிந்தேன்.

சில மாதங்களுக்கு முன் என் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். உடன் படிக்கும் பெண்ணொருத்தி அவள் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தாளாம். அன்றைய ஆங்கிலப் பாடத்திலோ 'பிளாக் மணி', 'பிளாக் மார்க்கெட்' என்னும் தொடர்கள். "அப்பா, கெட்டதற்கெல்லாம் ஏன் கறுப்பென்று பெயர்?" என்றாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

இரவு சிந்தித்தேன். ஆங்கிலம் பேசுவோர் பணத்திற்குப் பல வண்ணங்கள் பூசியிருக்கின்றனர். 1861ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டின் பின்புறம் பச்சை மையில் அச்சாயிற்று. அதனால் அது 'கிரீன்பேக்' ஆயிற்று. சீட்டாட்ட மேசையில் அக்காலத்தில் நீல வில்லைக்கே மதிப்பு மிகுதியாக இருந்தது. அதனால் நம்பிக்கைக்குரிய பெருங் கம்பெனியின் பங்கு 'புளூ சிப்' எனப்பட்டது. சூதாட்டச் சொல்லே நாணயத்திற்கு அடையாளமான விந்தை இது!

இனி, கணக்கனின் மைக்கு வருவோம். நட்டத்தைச் சிவப்பு மையில் எழுதிய வழக்கத்தால், நட்டப்படுபவன் 'சிவப்பில் இருக்கிறான்' என்பர். மிச்சம் காண்பவனோ 'கறுப்பில் இருக்கிறான்'! நமக்குச் சிவப்பு குங்குமம், மங்கலம். அவர்கள் பேரேட்டில் கறுப்பே மங்கலம்.

மறுநாள் இதனை மகளுக்குச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் நம் வீட்டுக் கணக்கு எந்த மையில், அப்பா?" என்றாள். மாதக் கடைசியாதலின் மௌனம் சாதித்தேன்.

அன்பர்களே, 'பிளாக் மார்க்கெட்' என்பதைத் தமிழில் 'கள்ளச் சந்தை' என்றனர் நம்மவர். நிறத்தின்மீது பழி போடாமல் செயலின் பெயரைச் சொன்னார்கள். 'கறுப்புப் பணம்' என்பதில் மட்டும் ஏனோ ஆங்கிலத்தின் நிழலிலேயே நின்றுவிட்டோம். 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே, வெளிப்படுத்தாத வெளிநாட்டு வருமானமும் சொத்தும் என்ற விளக்கமும் சேர்ந்திருக்கிறது. குற்றம் மறைத்ததில்தான், நிறத்தில் இல்லை.

ஆகவே, நம் இல்லங்களிலேனும் 'கணக்கில் காட்டாத பணம்' என்றே சொல்லுவோம். புதுக்கணக்கின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி இடுகிறோம். அதன் கீழே எந்த மையில் எழுதினாலும் உள்ளதை எழுதுவோம். நம் குழந்தைகள் தங்கள் நிறம் குறித்துத் தலைகுனிய வேண்டாம்.