எடையும் தண்டனையும்

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் குற்றத்தை எடைபோட்டே தண்டிக்கிறது. மாயத்தோற்றம் தரும் எல்எஸ்டி 2 மில்லிகிராம் வரை சிறு அளவு. ஓராண்டு வரை சிறை. 100 மில்லிகிராமைத் தாண்டினால் வணிக அளவு. 10 முதல் 20 ஆண்டுகள் கடுங்காவல். மீண்டும் அதே குற்றமெனில் உச்ச தண்டனை ஒன்றரை மடங்கு, அதாவது 30 ஆண்டு வரை.

விற்பவனுக்கு இது தகும். அடிமைப்பட்டவனுக்கு? சிறு அளவோடு பிடிபட்டவர் தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்குண்டு என்கிறது அதே சட்டத்தின் 64ஏ பிரிவு. மூணாறு லயங்களில் இதை அறிந்த தாய்மார் எத்தனை பேர்? மகனின் முதல் சறுக்கலை மானக்கேடென்று மறைத்தால், அடுத்ததை எடைபோடுவது நீதிமன்றமே.

அவனைக் கேரள அரசின் விமுக்தி சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் செல்வது கிளைத் தோழர்களின் கடமை. கடத்தலுக்குப் பணம் போடுவோரை 27ஏ பிரிவின்கீழ்க் கூண்டிலேற்றக் கோருவதும் அதே கடமையின் மறுபாதி.