காயலான் கடையிலிருந்து ஒரு கணக்கு

(விருத்தாசலத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிப்பேன் என்று வந்தவர்கள் மன்னிக்கணும். இன்றைக்குக் காயலான் கடையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவன் நான். நகைப் பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை வாங்கி அரித்துப் பொன் எடுக்கிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கழிவிலிருந்து உலோகம் எடுப்பது புதுசா வந்த விஞ்ஞானம் இல்லை. யார் கை அந்தச் சாக்கடைக்குள் போகிறது என்பதும் புதுசு இல்லை.

கோலாரை எடுத்துக்குங்க. வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கத்தில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். தங்கம் போய்விட்டது. சயனைடு மண்மேடு மட்டும் அவர்கள் வீட்டுப் பக்கத்திலேயே நிற்கிறது. கடைசிக் காலத்தில் அங்கே ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது. பேட்டரி நீங்கலாக ஒரு டன் பழைய செல்போனில் 300 கிராம் வரை இருக்கும்னு சொல்றாங்க. அப்போ இன்றைய கோலார் டெல்லி சீலம்பூரிலும் மொராதாபாத்தில் ராமகங்கை ஆற்றங்கரையிலும் இருக்கிறது. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்கள், பலகையை அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுக்கிறார்கள். ஈயமும் புகையும் எடுக்கிறவர் நெஞ்சுக்குள் போகிறது.

இதில் தப்பிப்போவது என்ன தெரியுமா? ஹார்டு டிஸ்க் காந்தத்தில் இருக்கிற நியோடிமியம், திரையில் இருக்கிற இண்டியம், கெபாசிட்டரில் இருக்கிற டாண்டலம். உலகம் 2022இல் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது. அருமண் உலோகத் தேவையில் கழிவிலிருந்து திரும்பி வருவது ஒரு விழுக்காடு அளவுக்குத்தான். பெல்ஜியத்தில் ஹோபோகன் ஆலை 17 உலோகங்களைப் பிரிக்கிறது. அங்கேயும் காந்தத்தை முன்கூட்டியே கழற்றாவிட்டால் கிடைக்காது. எந்திரத்தில் அரைத்தால் காந்தம் தூளாகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். உருக்கும்போது அருமண் கசடில் போய்விடும். ஆக, திருப்புளியோடு குந்தியிருந்து கழற்றுகிற கைதான் இதற்கு முதல் தொழில்நுட்பம்.

அந்தக் கையை என்ன செய்தார்கள்? 2016 மின்னணுக் கழிவு விதிகளில் பிரித்தெடுப்பவர் என்று ஒருவர் இருந்தார். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2022 விதிகளின் பதிவுப் பட்டியலில் அவர் இல்லை.

2025 ஏப்ரலில் சீனா அருமண் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இங்கே பதறினார்கள். செப்டம்பரில் 1,500 கோடி ரூபாய்க்கு மறுசுழற்சி ஊக்கத் திட்டம் வந்தது. எந்திரம் வாங்கினால் 20 விழுக்காடு மானியம். மூன்றில் ஒரு பங்கு சிறியவர்களுக்கு என்றும் எழுதியிருக்கிறார்கள், இல்லைன்னு சொல்லலை. ஆனால் மீதி 80 விழுக்காட்டை யார் போடுவது? கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவன் சொல்றேன், அடமானம் வைக்க ஒன்றும் இல்லாதவர் மனு மேலே போகாது.

இதை ஏன் விருத்தாசலத்தில் பேசுகிறேன்? செராமிக் படிக்கிற தம்பிகள் இங்கே இருக்கீங்க. செராமிக் கெபாசிட்டரும் சுட்ட களிம்புதான், ப்யூஸ் கேரியருக்குத் தூரத்துச் சொந்தம். 1990கள் வரை வந்த பழைய பலகைகளில் அதற்குள் பல்லேடியம் அடுக்கு உண்டு, பிறகு பெரும்பாலும் நிக்கலுக்கு மாறிவிட்டார்கள். எது பழையது, எது புதியது என்று பார்த்துப் பிரிக்க உங்களால் கற்றுக்கொடுக்க முடியும்.

அதே 2022 விதிகளில் இரண்டு வரி இருக்கிறது. தொழிற்பேட்டைகளில் மின்னணுக் கழிவைப் பிரிக்க இடமோ கொட்டகையோ மாநிலத் தொழில்துறை ஒதுக்கணும். தொழிலாளர் துறை அந்த வேலை செய்கிறவர்களைப் பதிவு செய்து, குழுவாக்கி, பயிற்சி கொடுத்து, அவர்கள் உடல்நலத்தைக் கவனிக்கணும். சேரிக்குள் அமிலத் தொட்டி கேட்கலை நாம். நம்ம ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகை, கழற்றுவதற்கு மட்டும். அமில வேலை உரிய ஆலையில் நடக்கட்டும். கழற்றிய காந்தத்தை எடைக்கு எடை இரும்பு விலைக்கு விற்காமல் காந்தத்தின் விலைக்கு விற்கிற உரிமை கொட்டகைக்காரருக்கு வேணும்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் படித்துப் பாருங்க, தப்பு இருந்தா திருத்துங்க. காயலான் கடைகளில் வேலை செய்கிற பெண்கள் நாலு பேர் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.