இரண்டு படிகளும் வெவ்வேறு சொன்னால்



தோட்டத்துக் கிராணி ஒருவர், பால் நிறுவைக் கணக்கைக் கார்பன் தாள் வைத்து இரண்டு படிகளாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி மழையில் நனைந்து போனாலும் மற்றது இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாள் இரண்டையும் எடுத்துப் பார்க்கையில், ஒன்றில் 36 கிலோ என்றும் மற்றதில் 86 கிலோ என்றும் இருந்தால் எதை நம்புவது?

கணினியிலும் இத்தகைய இரட்டைப் படி உண்டு. ஒரு வட்டில் எழுதுவது அனைத்தும் அதே வேளையில் இன்னொரு வட்டிலும் எழுதப்படும். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 'ரெய்டு' என்ற பெயரில் வட்டுத் தொகுப்புகளை வகைப்படுத்தியபோது, இந்தக் கண்ணாடி முறைக்கு முதல் எண்ணைக் கொடுத்தார்கள். ஒரு வட்டு அடியோடு செத்துப்போனால் இம்முறை நம்மைக் காப்பாற்றும். சாகாமல் இருந்துகொண்டே பிழையாகச் சொல்லும் வட்டுதான் தொல்லை.

எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கறையான் அரிக்கத் தொடங்கியபோது, பக்கம் பக்கமாக வருடி இத்தகைய கணினி ஒன்றில் சேர்த்து வைத்தோம். பிறகு அந்த ஏடும் போய்விட்டது. சில ஆண்டுகள் கழித்து முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். முதியவர், இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருக்கிறார். குடியுரிமை விண்ணப்பத்துக்குத் துணைச் சான்றாகத் தம் பெயருள்ள பக்கம் வேண்டும் என்றார். திறந்தோம், நன்றாகத் தெரிந்தது. அச்செடுக்க மறுநாள் திறந்தபோது பக்கத்தின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். மூன்றாம் நாள் மறுபடியும் முழுப் பக்கம்!

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கணினி சில வேளை முதல் வட்டிலிருந்து படிக்கிறது. சில வேளை இரண்டாவதிலிருந்து. இரண்டும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். கணினி விற்றவர் தொலைபேசியில், "ரிப்பேர் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள் சார், சரியாகிவிடும்" என்றார். நல்ல வேளை, நாங்கள் கொடுக்கவில்லை. சாதாரணக் கண்ணாடி முறையில் அந்தக் கட்டளை எது மெய் என்று ஆராய்வதில்லை. ஒரு படியை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். கெட்ட படி நல்ல படியை அழித்துவிட்டால் பெரியவரின் பக்கம் போயே போயிற்று.

ஆகவே முதலில் ஒவ்வொரு வட்டையும் தனியே பொருத்தி, எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறந்து, இரண்டையும் மூன்றாவது வட்டு ஒன்றில் தனித்தனியாகப் படியெடுத்தோம். நோயைத் தேடும் வேலை அதற்குப் பிறகுதான்.

வட்டுகள் தம்மைப் பற்றித் தாமே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பைப் பார்த்தோம். படிக்க முடியாத பகுதிகள் எத்தனை, கம்பிவழிப் பிழைகள் எத்தனை என்று அதில் இருக்கும். எண்கள் ஏறியிருந்தால் சந்தேகப்படலாம். ஏறவில்லை என்பதால் வட்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது. எங்களுடையதில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து, நினைவகத்தை ஓர் இரவு முழுக்கச் சோதித்தோம். கிராணியே தப்பாக எழுதினால் கார்பனிலும் தப்புதானே விழும்? நினைவகம் கெட்டிருந்தால் இரண்டு வட்டுகளிலும் பிழை இருக்கும். அதிலும் குறை இல்லை.

இப்போது நிறுவைக் கணக்குக்குத் திரும்புவோம். கிராணி ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் வேறொரு புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால், எந்தப் படி பொய் என்பது கூட்டிப் பார்த்த உடனே தெரிந்துவிடும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாகி 2005இல் வெளிவந்த ஜெட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அத்துண்டோடு சேர்க்காமல் வேறிடத்தில் வைக்கிறது. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் மற்ற வட்டின் படியைப் பார்க்கிறது; அது பொருந்தினால் அதைக் கொண்டு கெட்டதைத் திருத்துகிறது. எந்த வட்டில் எத்தனை பிழை என்றும் எண்ணிக் காட்டுகிறது.

எங்கள் இரு வட்டுகளையும் அம்முறைக்கு மாற்றி, முழுவதையும் படித்துச் சரிபார்க்கச் சொன்னோம். பிழைகள் இரண்டாம் வட்டில் மட்டுமே. உடனே வட்டைக் குறை சொல்லவில்லை. கம்பியாகவும் இருக்கலாம் அல்லவா? இரண்டு வட்டுகளின் கம்பிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தி, எண்ணிக்கையைச் சுழியமாக்கி, மறுபடி ஓட்டினோம். பிழை கம்பியோடு போயிருந்தால் சில வெள்ளியில் முடிந்திருக்கும். அது வட்டோடுதான் போயிற்று. புது வட்டு வாங்கினோம்.

படியெடுத்து வைத்த இரண்டையும் ஒப்பிட்டதில் 11 பக்கங்கள் வேறுபட்டன. பத்துப் பக்கங்கள் முதல் வட்டில் முழுமையாக இருந்தன. ஒரு பக்கம் இரண்டிலுமே பழுது; அதில் யார் பெயர் இருந்தது என்பதை இனி அறிய வழியில்லை. பெரியவரின் பக்கம் அந்தப் பத்தில் ஒன்று. அச்செடுத்து, தலைமையாசிரியர் கையொப்பமிட்டுக் கொடுத்தார். விண்ணப்பம் போட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை.