பூனையின் தட்டைப் பாருங்கள்

இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர் விடுமுறைக்கு வெளியூர் போவார். சுற்றுலா வந்த ஒருவர் அந்த வீட்டில் வாடகை இல்லாமல் தங்குவார். பதிலுக்கு, வீட்டையும் அங்கே இருக்கிற நாய், பூனையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாய் இருந்தால் காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போக வேண்டும். நாள் முழுக்க ஊர் பார்க்க முடியாது.

பூனை இன்னும் கஷ்டம். நாய் குரைத்தாவது சொல்லிவிடும். பூனை கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது ஆள் வைத்த மீனை மோந்துகூடப் பார்க்காது. "பசித்தால் தானே தின்னும்" என்று விட்டுவிடுவோம். அப்படி விடக்கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிடலாம். உயிருக்கே ஆபத்து. குண்டுப் பூனை என்றால் இன்னும் மோசம்.

அதனால் தட்டைப் பாருங்கள். வைத்தது குறைந்திருக்கிறதா? ஒரு நாள் முழுக்கக் குறையவில்லை என்றால் கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொள்ளும்போதும் இதேதான். சாவி வாங்கும்போதே மருத்துவர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.