சினைப்பை அறுவைக்கு முன்: ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்



வயிற்று உப்புசம், சிறிது உண்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றை வாயுத் தொல்லை என்றெண்ணி மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்கள் இங்கும் உண்டு. பின்னர் ஸ்கேனில் சினைப்பைக் கட்டி தென்படுகிறது, இரத்தத்தில் சி.ஏ. 125 உயர்ந்திருக்கிறது. அந்த எண்ணைக் கண்டதும் புற்றுநோய் என்றே குடும்பத்தார் முடிவு கட்டிவிடுகின்றனர்.

அவ்வளவு அவசரம் கூடாது. சி.ஏ. 125 ஒரு புரதம். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் இதனை அளக்க வழி கண்டனர். மில்லிலிட்டருக்கு 35 அலகு வரை இயல்பு. மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி ஆகியவற்றிலும் இது உயரும். நம் நாட்டவர் மறக்கக் கூடாதது வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர் கோத்து, எண் நூற்றுக்கணக்கில் ஏறி, அது புற்றுநோயைப் போலவே தோற்றமளிக்கும். காசநோய் மருந்திலேயே குணமாகவும் கூடும். மறுபுறம், தொடக்கநிலைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எண் உயர்வதே இல்லை.

எனவேதான் எண்ணை ஸ்கேனோடு சேர்த்துப் படிக்கின்றனர். 1990இல் இங்கிலாந்தில் இயன் ஜேக்கப்ஸ் குழுவினர் வகுத்த கணக்கு எளியது. கட்டியில் பல அறைகள், திடப்பகுதி, இருபுறமும் கட்டி, வயிற்றில் நீர், பரவல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டால் 1, இரண்டோ மேலோ தென்பட்டால் 3. எதுவும் இல்லையேல் 0. மாதவிடாய் நின்றவருக்கு 3, நில்லாதவருக்கு 1. இவ்விரண்டையும் சி.ஏ. 125 அளவால் பெருக்க வேண்டும். எண் 60 உடைய முப்பது வயதுப் பெண்ணின் ஸ்கேனில் ஒரு குறி மட்டும் இருந்தால் விடை 60. அதே 60 உடைய அறுபது வயதுப் பெண்ணுக்கு இரு குறிகள் இருந்தால் விடை 540. 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவையில் தேர்ந்த மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். இளம்பெண்களுக்கு வேறு சில இரத்தப் பரிசோதனைகளும் தேவைப்படும்.

அடுத்தது சி.டி. ஸ்கேன். நோய் குடல், கல்லீரல், வயிற்றுச் சவ்வு வரை பரவியுள்ளதா என்று அது காட்டும். கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் அகற்றுவதே அறுவையின் நோக்கம். அது இயலாதெனத் தோன்றினால், திசு எடுத்து நோயை உறுதிசெய்து, முதலில் கீமோதெரபி அளித்துப் பிறகு அறுவை செய்வர். இவ்வழியில் ஆயுட்காலம் குறைவதில்லை என்று 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆகவே அறுவை தள்ளிப்போடப்பட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளன்று. நோய் சினைப்பைக்குள்ளேயே அடங்கியதாகத் தோன்றும் நிலையில் மட்டும் ஊசியால் குத்திப் பார்ப்பதைத் தவிர்ப்பர். உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்தக்கூடும்.

அமீரகத்தில் அறுவைக்கு நோயாளியின் எழுத்து மூலமான ஒப்புதல் சட்டப்படி தேவை. அரபியிலோ ஆங்கிலத்திலோ உள்ள அத்தாளில் ஒப்பமிடுமுன் மூன்று கேள்விகளுக்கேனும் விடை பெறுக: காசநோய் இல்லையென உறுதியா? சினைப்பை மட்டுமா, கருப்பையும் அகற்றப்படுமா? அறுவையின்போது புற்றுநோய் எனத் தெரிந்தால் அடுத்து என்ன? மொழி தடையெனில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்க வேண்டாம். கணவரின் கைப்பேசி வழி விளக்கம் போதாது.

சிகிச்சையைச் சென்னையில், அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ வேறிடத்திலோ தொடர விரும்புவோர், அறிக்கைத் தாளோடு நில்லாமல் சி.டி. படங்களைக் குறுந்தகட்டிலும், திசு எடுத்திருந்தால் அதன் கண்ணாடி வில்லைகளையும் மெழுகுக் கட்டிகளையும் பெற்றுச் செல்க. அறுவை மருத்துவர் பிறர் எழுதியதைப் படிப்பதைவிடப் படத்தைத் தாமே பார்க்கவே விரும்புவார்.